நிலவிலிருந்து வந்த பார்சல்: திறந்த கதவும் 21 நாள் காவலும்

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்குபவர்களிடம் ஒரு படிவம் கொடுப்பார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், என்ன கொண்டு வருகிறீர்கள், ஏதாவது தொற்றுநோய் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டிருக்கும். 1969ஆம் ஆண்டு ஜூலை 24 தேதியிட்ட அப்படி ஒரு படிவம் அமெரிக்காவில் இருக்கிறது. புறப்பட்ட இடம்: நிலவு. வந்து சேர்ந்த இடம்: ஹொனலுலு. கொண்டுவந்த சரக்கு: நிலவுக் கல், நிலவுத் தூசி. கீழே மூன்று கையெழுத்துகள். நீல் ஆம்ஸ்ட்ராங், எட்வின் ஆல்ட்ரின், மைக்கேல் காலின்ஸ்!

விளையாட்டுக்காக நிரப்பப்பட்ட படிவம்தான் அது. ஆனால் அதில் ஒரு கேள்விக்குக் கொடுத்த பதில் மட்டும் விளையாட்டு இல்லை. நோய் பரவக் காரணமாகும் எதுவும் விமானத்தில் உள்ளதா என்ற கேள்விக்கு, "இனிமேல்தான் தெரிய வேண்டும்" என்ற பொருளில் பதில் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு அறிவியல் உலகத்திடமும் அதே பதில்தான் இருந்தது.

நிலவில் மனிதன் கால் வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். நிலவிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்து பூமி பயந்த கதை அவ்வளவாகத் தெரியாது. அந்தப் பயத்துக்காக ஓர் ஆய்வகமே கட்டினார்கள். விதிகள் எழுதினார்கள். பிறகு அந்த விதிகளைத் தாங்களே வளைத்தார்கள். அந்தக் கதைதான் இது. செவ்வாய்க் கிரகத்து மண்ணை எடுத்துவர நாடுகள் திட்டமிடும் இந்தக் காலத்தில் இது வெறும் பழங்கதையும் இல்லை.

பயம் எங்கே தொடங்கியது?

1898இல் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில் செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியின் மீது படையெடுக்கிறார்கள். மனிதனின் பீரங்கிகளால் அவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் அவர்களைக் கொல்பவை பூமியில் உள்ள சாதாரணக் கிருமிகள். அவர்கள் உடலுக்கு அந்தக் கிருமிகள் புதிது, எதிர்ப்புச் சக்தி இல்லை.

இது கற்பனை. ஆனால் பூமியிலேயே இப்படி நடந்திருக்கிறது. 1492க்குப் பிறகு ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குப் போனபோது பெரியம்மையும் கூடவே போனது. அந்த நோயையே பார்த்திராத பூர்வகுடி மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன மரக்கன்றுகளோடு ஒரு பூஞ்சையும் போய்ச் சேர்ந்தது. சில பத்தாண்டுகளில் அமெரிக்கக் காடுகளில் இருந்த செஸ்ட்நட் மரங்கள் ஏறக்குறைய அழிந்தே போயின. கொண்டு போனவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கொண்டு போகவில்லை. கூடவே என்ன வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

விண்வெளிக்கும் இது பொருந்துமே என்று முதலில் கவலைப்பட்டவர்களில் முக்கியமானவர் ஜோஷுவா லெடர்பெர்க் என்ற அமெரிக்க மரபியல் விஞ்ஞானி. இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1957 நவம்பரில் அவர் கல்கத்தாவுக்கு வந்தார். அப்போது அங்கே குடியேறியிருந்த புகழ்பெற்ற உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனைச் சந்தித்தார். ஸ்புட்னிக் பறக்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றிரவு சந்திர கிரகணம் வேறு. ரஷ்யப் புரட்சியின் 40ஆம் ஆண்டு விழாவுக்காக சோவியத் நாடு நிலவில் ஒரு குண்டை வெடித்துக் காட்டுமோ என்று பேச்சு போனது. இரு நாடுகளின் போட்டியில் நிலவு கெட்டுப் போய்விடுமே என்ற கவலையோடு லெடர்பெர்க் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் மத்தியில் இந்தப் பிரச்சினையை விடாமல் எழுப்பினார்.

பிரச்சினைக்கு இரண்டு பக்கம் இருந்தது. ஒன்று, பூமியின் கிருமிகள் வேற்றுக் கோள்களுக்குப் போவது. இன்னொன்று, அங்கிருந்து ஏதாவது பூமிக்கு வருவது. முதலாவதில் அறிவியல் கெடும். இரண்டாவதில் உயிர் போகலாம்.

விதிகளும் வேலிகளும்

1964இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் கூட்டிய விஞ்ஞானிகள் கூட்டம், நிலவிலிருந்து வரும் மனிதர்களையும் பொருட்களையும் தனிமையில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1966இல் பல துறைகள் சேர்ந்த ஒரு கண்காணிப்புக் குழு உருவானது. பொது சுகாதாரத் துறை, வேளாண்மைத் துறை, உள்துறை ஆகியவற்றின் ஆட்கள் நாசாவோடு அதில் உட்கார்ந்தார்கள். வேளாண்மைத் துறை எதற்கு என்று தோன்றலாம். செஸ்ட்நட் மரங்களின் கதை அவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்! மனிதனுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் கோதுமைக்கோ மாட்டுக்கோ ஏதாவது ஆகிவிட்டால்?

1967இல் நடைமுறைக்கு வந்த விண்வெளி ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவும் இதைப் பேசுகிறது. வேற்றுலகப் பொருட்களைக் கொண்டுவருவதால் பூமியின் சூழலுக்குத் தீங்கு வராமல் நாடுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

ஹூஸ்டனில் 'லூனார் ரிசீவிங் லேபரட்டரி' என்ற ஆய்வகம் எழுந்தது. நிலவுக் கல்லையும், அதைக் கொண்டுவந்த மனிதர்களையும், அவர்கள் வந்த விண்கலத்தையும் ஒரே கட்டடத்தில் பூட்டி வைப்பதுதான் திட்டம். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும். எங்காவது விரிசல் விட்டாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்காற்று வெளியே வராது. கற்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியில் பொருத்திய கையுறைகளுக்குள் கைவிட்டுத்தான் தொட வேண்டும்.

எத்தனை நாள் தனிமை? 21 நாள் என்று முடிவானது. பல தொற்றுநோய்கள் அதற்குள் வெளியே தெரிந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் தொழுநோய் போன்றவை வெளியே தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும். பூமியில் உள்ள நோய்க்கே அப்படி என்றால், பெயரே தெரியாத நிலவு நோய்க்கு 21 நாள் போதும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? கார்ல் சாகன் அப்போது சொன்னதன் சாரம் இது: அப்போலோ 11 நிலவு உயிரி எதையும் கொண்டுவராது என்பது 99 சதவீதம் நிச்சயம்தான், ஆனால் மீதமுள்ள ஒரு சதவீதமே அலட்சியமாக இருக்க முடியாத அளவுக்குப் பெரியது.

இதற்கு நடுவே 1969 மே மாதம் மைக்கேல் கிரைட்டனின் 'தி ஆண்ட்ரோமெடா ஸ்ட்ரெய்ன்' நாவல் வெளியானது. விண்வெளியிலிருந்து திரும்பும் செயற்கைக்கோளோடு வரும் கிருமி ஒரு ஊரையே சாகடிப்பதுதான் கதை. நிலவுப் பயணத்துக்கு இரண்டே மாதம் இருக்கும்போது இந்த நாவல்! பயம் ஆய்வகத்திலிருந்து வீட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டது.

கதவு திறந்தது

ஜூலை 24 அன்று ஹவாய்த் தீவுகளுக்குத் தென்மேற்கே பசிபிக் கடலில் விண்கலம் விழுந்தது. உள்ளே மூன்று பேர், சுமார் 21.5 கிலோ நிலவுக் கல்லும் மண்ணும். உடைகளிலும் கலத்தின் மூலைமுடுக்குகளிலும் ஒட்டிக்கொண்டிருந்த நிலவுத் தூசி தனி.

கண்காணிப்புக் குழுவில் இருந்தவர்கள் விரும்பிய முறை எளிமையானது. கலத்தைத் திறக்கவே வேண்டாம். மூன்று பேரும் உள்ளே இருக்கும்போதே கிரேனால் தூக்கி 'ஹார்னெட்' கப்பலில் வைத்து, அங்கிருந்து நேராகத் தனிமைக் கூண்டுக்கு மாற்ற வேண்டும். நாசா ஒப்புக்கொள்ளவில்லை. அலையில் ஆடும் கடலில் ஆட்களோடு கலத்தைத் தூக்கும்போது கயிறு அறுந்தால் என்ன ஆவது? கலம் கப்பலில் மோதினால்? நிலவுக்குப் போய்த் திரும்பியவர்களைக் கப்பலுக்குப் பக்கத்தில் சாகவிடுவதா?

கடைசியில் ஒரு சமரசம். கடலிலேயே கதவைத் திறக்கலாம், ஆனால் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அப்படியே நடந்தது. ஒரு கடற்படை நீச்சல் வீரர் கதவைத் திறந்து மூன்று உடைகளை உள்ளே போட்டு மூடினார். அவர்கள் உடுத்திக்கொண்டு ரப்பர் படகுக்கு வந்தார்கள். கிருமிநாசினியால் கதவைத் துடைத்தார்கள். ஒருவரை ஒருவர் துடைத்துக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் ஏறி, கப்பலில் இருந்த ஒரு தனிமை வண்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று அதிபர் நிக்சன் சிரித்துப் பேசும் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது.

புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்குப் பாதுகாப்பு பலமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். வண்டியின் ஜன்னல் மூடியிருந்தது சரி. அதற்கு முன்பே விண்கலத்தின் கதவு நடுக்கடலில் திறந்துவிட்டதே! உள்ளே இருந்த காற்று வெளியே வந்திருக்கும். கலம் மிதக்கும்போது மூச்சுக்காக ஓடிய காற்றோட்டக் கருவியிலும் கிருமிகளைத் தடுக்கும் வடிகட்டி கிடையாது. காலின்ஸே பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் இதைச் சொல்லிச் சிரித்தார். நிலவில் கிருமி இருந்திருந்தால் கதவைத் திறந்த உடனேயே எல்லாம் வெளியே போயிருக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். ஆல்ட்ரின் தன் பங்குக்கு, தனிமை வண்டியின் தரையில் இருந்த விரிசல் வழியே எறும்புகள் போய் வந்துகொண்டிருந்ததை நினைவுகூர்ந்தார். மனிதர்களைப் பூட்டி வைத்த இடத்தில் எறும்புக்கு வழி இருந்திருக்கிறது!

நாசாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். திரும்பும் வழியில் தூசியை வாக்குவம் கருவியால் உறிஞ்சினார்கள். கலத்துக்குள் இருந்த காற்று இரண்டரை நாளுக்கும் மேலாக வடிகட்டிகள் வழியே சுற்றிக்கொண்டிருந்தது. முயற்சியே எடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கடைசிப் படியில்தான் வழுக்கியது.

எலி, காடை, கரப்பான்

ஹூஸ்டன் ஆய்வகத்தில் அடுத்த காட்சி. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு நிலவு மண்ணை ஊசியில் ஏற்றினார்கள். ஜப்பானியக் காடைகள், கரப்பான் பூச்சிகள், ஈக்கள், சிப்பிகள், இறால், மீன் என்று ஒரு சின்ன மிருகக்காட்சி சாலையே நிலவு மண்ணைச் சந்தித்தது. செடிகளின் மேலும் தூவிப் பார்த்தார்கள். நோய் எதுவும் வரவில்லை. சில செடிகள் வழக்கத்தைவிடப் பச்சையாகவே இருந்தன.

ஆனால் ஆய்வகமும் சொன்னபடி நடந்துகொள்ளவில்லை. கற்களை வெற்றிடத்தில் வைத்துக் கையாள வேண்டும் என்று ஏற்பாடு. பெட்டிக்குள் வெற்றிடம் என்றால், வெளிக்காற்று கையுறைகளை உள்ளே தள்ளி விறைப்பாக்கிவிடும். விரலை மடக்குவதே பெரும் பாடு. கையுறை கிழிந்தது. அருகில் இருந்த பணியாளர்களும் தனிமைக்குப் போக வேண்டியதாயிற்று. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் வரலாற்றாய்வாளர் டகோமர் டெக்ரூட் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து 2023இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிலவுப் பொருளோடு இப்படித் தொடர்பு ஏற்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்ட பணியாளர்கள் இருபது பேருக்கும் மேல் என்கிறது அது. இன்னொன்றும் அதில் உண்டு. உள்ளே தீ பிடித்தாலோ யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றாலோ தனிமையை உடைத்து வெளியே கொண்டுவருவது என்பதுதான் ஏற்பாடு. அதாவது, உள்ளே இருப்பவர் புது நோயால் சாகக் கிடந்தால், எந்த நோய்க்காகக் கதவைப் பூட்டினார்களோ அதே நோய்க்காகக் கதவைத் திறப்பார்கள்!

ஆகஸ்ட் 10 அன்று மூவரும் வெளியே வந்தார்கள். ஊர்வலம், கொண்டாட்டம். அப்போலோ 12இல் அந்த முழுப் பாதுகாப்பு உடை போய், முகமூடியும் சுத்தமான உடையும் போதும் என்றானது. அப்போலோ 14 வரை தனிமை தொடர்ந்தது. நிலவில் உயிர் இல்லை என்று உறுதியானதும் 1971இல் அப்போலோ 15இலிருந்து அதுவும் நின்றது.

வரவு செலவுக் கணக்கு

ஒன்றும் ஆகவில்லையே, பிறகு ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்கலாம். வாகனக் காப்பீட்டை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். ஓராண்டு முழுக்க விபத்தே நடக்கவில்லை என்பதற்காக அந்த ஆண்டு கட்டிய பிரீமியம் வீண் என்று யாரும் சொல்வதில்லை. அதேபோல, பிரீமியம் கட்டாமல் ஓட்டியவருக்கு விபத்து நடக்கவில்லை என்றால், அவர் சரியாகச் செய்தார் என்றும் ஆகாது.

நம் நாட்டில் வண்டி ஓட்டுபவர் தனக்காகக் காப்பீடு எடுக்காமல்கூட இருக்கலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் கட்டாயம். காரணம், ஆபத்தில் பங்கு கேட்காதவர் சாலையில் நடந்து போகிறவர். 1969இல் உலக மக்கள் தொகை சுமார் 360 கோடி. அவர்கள் அத்தனை பேரும் அந்தப் பயணத்தின் மூன்றாம் நபர்கள். கல்லைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களும் அவர்கள்தான், ஏதாவது ஆகியிருந்தால் அனுபவித்திருக்கப் போகிறவர்களும் அவர்கள்தான். கடலில் கதவைத் திறக்கலாமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. தீர்மானித்தது ஒரு நாட்டின் சில அறைகளில் இருந்தவர்கள்.

அவர்கள் கெட்டவர்களா? அதுதான் இல்லை. அவர்கள் முன்னால் இரண்டு ஆபத்துகள் இருந்தன. கிரேன் கயிறு அறுந்து மூன்று பேர் சாவது ஒன்று. பெயரும் முகமும் உள்ள மூன்று பேர், டிவியில் உலகமே பார்க்கும் மூன்று பேர். மற்றொன்று, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு கிருமி, முகமே இல்லாத கோடிக்கணக்கானவர்களைத் தாக்குவது. கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தைத்தான் மனித மனம் முதலில் தடுக்கும். அதோடு, பத்தாண்டு முடிவதற்குள் நிலவுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று 1961இல் கென்னடி வைத்த கெடு. வேலியைத் திருத்தக் காலம் இல்லை.

விதி எழுதும்போது எல்லோரும் பூமியின் பக்கம் நிற்கிறார்கள். விதியைக் கடைப்பிடிக்க வேண்டிய நாளில் செலவும் கெடுவும் கண்ணெதிரே நிற்கும் மனிதர்களும் வந்துவிடுகிறார்கள். அப்போலோவின் வேலி அப்படித்தான் வளைந்தது. அன்று பூமியைக் காப்பாற்றியது வேலி இல்லை. நிலவில் உயிர் இல்லாததுதான்.

உண்மையில் வந்தது என்ன?

பயந்தது வரவில்லை. வந்ததெல்லாம் வேறு. 1969 முதல் 1972 வரை ஆறு பயணங்களில் 382 கிலோ நிலவுப் பொருள் பூமிக்கு வந்தது. நிலவு ஒரு காலத்தில் உருகிய பாறைக் குழம்பால் மூடப்பட்டிருந்தது என்பதும், இளம் பூமியின் மேல் இன்னொரு கோள் மோதி அந்தச் சிதறலில் நிலவு பிறந்திருக்கலாம் என்பதும் இந்தக் கற்களைப் படித்ததால் வலுப்பெற்ற கருத்துகள். சோவியத்தின் லூனா 16 ஆளே இல்லாமல் 1970இல் 101 கிராம் மண்ணை எடுத்து வந்தது. அதில் மூன்று துணுக்குகள், மொத்தம் 0.2 கிராம், 1993இல் நியூயார்க்கில் 4,42,500 டாலருக்கு ஏலம் போயின. 2018இல் அதே துணுக்குகள் 8,55,000 டாலர்! நிலவு மண் நோயைப் பரப்பவில்லை, சந்தையை உண்டாக்கியது.

இன்னொரு வேடிக்கை. 1967இல் நிலவில் இறங்கிய சர்வேயர் 3 கலத்தின் கேமராவை 1969 நவம்பரில் அப்போலோ 12 வீரர்கள் கழற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்குள் மனித வாயில் வாழும் ஒரு பாக்டீரியா இருந்தது. இரண்டரை ஆண்டு நிலவில் உயிரோடு இருந்ததாகப் பெரிய செய்தி. பிற்பாடு ஆராய்ந்தவர்கள், அது பூமியில் ஆய்வு செய்தபோது ஒட்டிக்கொண்டதாகவே இருக்கலாம் என்றார்கள். ஜப்பானின் ஹயபுசா 2 கலம் 2020இல் கொண்டுவந்த ரியூகு சிறுகோளின் துணுக்கு ஒன்றிலும் இதே கதை. பிரிட்டனில் ஆராய்ந்தபோது அதன் மேல் நுண்ணுயிரிகள் வளர்ந்திருந்தன. பூமியின் நுண்ணுயிரிகள்தான் என்று 2024இல் முடிவு சொன்னார்கள். வேற்றுலகம் பூமியைத் தாக்கும் என்று பயந்தால், பூமி அல்லவா வேற்றுலகக் கல்லில் குடியேறுகிறது! அத்தனை சுத்தமான ஆய்வகத்திலும் ஒரு நுண்ணுயிரி உள்ளே நுழைய முடியும் என்றால், வெளியே வரவும் முடியும்தானே?

அடுத்து செவ்வாய்

நிலவு முடிந்த கணக்கு. இன்று அதற்குத் தனிமை விதி கிடையாது. சீனாவின் சாங்இ 5 கலம் 2020இல் 1,731 கிராமும், சாங்இ 6 கலம் 2024இல் நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935.3 கிராமும் கொண்டுவந்தன. நிலவு மண்ணைக் கொண்டுவரும் சந்திரயான் 4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 2,104.06 கோடி ரூபாய். இவற்றால் நோய் பயம் இல்லை.

செவ்வாய் அப்படி இல்லை. ஒரு காலத்தில் அங்கே ஆறும் ஏரியும் இருந்தன. நாசாவின் பெர்சவரன்ஸ் ஊர்தி 2021 முதல் ஜெசெரோ பள்ளத்தில் கல் மாதிரிகளைக் குழாய்களில் அடைத்து வருகிறது. அதில் ஒரு மாதிரியில் பழங்கால நுண்ணுயிரிகளின் தடயமாக இருக்கக்கூடிய அறிகுறிகள் உள்ளதாக 2025 செப்டம்பரில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். எந்தக் கல்லில் உயிரின் தடயம் இருக்கலாம் என்று தோன்றுகிறதோ, அந்தக் கல்லைத்தான் கொண்டுவர ஆசை. ஆசைக்கும் அச்சத்துக்கும் காரணம் ஒன்றே.

செவ்வாய்க் கல் ஏற்கனவே பூமியில் விழுந்துகொண்டுதானே இருக்கிறது என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான். 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த விண்கல் செவ்வாயிலிருந்து வந்தது என்று நூறாண்டுக்கு மேல் கழித்துத் தெரிய வந்தது. ஆனால் அந்தக் கற்கள் பல லட்சம் ஆண்டுகள் கதிர்வீச்சில் திரிந்து, வளிமண்டலத்தில் மேற்பரப்பு உருகி வந்து சேர்ந்தவை. சில மாதங்களில், காற்றுப் புகாத குழாயில், கவனமாகப் பாதுகாத்துக் கொண்டுவரும் மண்ணும் அதுவும் ஒன்றாகுமா?

1997இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு தெளிவாகச் சொன்னது: ஆபத்துக்கான வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. ஆபத்தில்லை என்று நிரூபிக்கும் வரை செவ்வாய் மண்ணை ஆபத்தானதாகவே நடத்த வேண்டும். ஒரு துகள்கூடத் தப்பி வெளியேறும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களுக்கு வைத்த இலக்கு.

இலக்கு நன்றாகத்தான் இருக்கிறது. 2004 செப்டம்பர் 8 அன்று ஜெனசிஸ் என்ற கலம் சூரியக் காற்றின் துகள்களோடு அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குத் திரும்பியது. பாராசூட் விரியவில்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையில் மோதி உடைந்தது. காரணம், வேகம் குறைவதை உணர்ந்து பாராசூட்டைத் திறக்கச் சொல்லும் சிறிய உணரிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன! சூரியக் காற்றில் உயிர் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே செவ்வாய் மண் இருந்திருந்தால்?

அதனால்தான் பாராசூட்டே இல்லாமல் விழுந்தாலும் உடையாத உறை வேண்டும் என்கிறார்கள். அந்த உறைக்கும் ஆய்வகத்துக்கும் பணம் வேண்டும். நாசாவும் ஐரோப்பாவும் சேர்ந்து போட்ட திட்டத்தின் செலவு 800 கோடி முதல் 1,100 கோடி டாலர் வரை போகும் என்று 2023இல் ஒரு மறுஆய்வு சொன்னது. 2025இல் அமெரிக்க அரசின் பட்ஜெட் முன்மொழிவு அதைக் கைவிடச் சொன்னது. சீனாவோ 2028 வாக்கில் தியான்வென் 3 கலத்தை அனுப்பி, 2031 வாக்கில் குறைந்தது அரை கிலோ செவ்வாய் மண்ணைக் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது. மறுபடியும் போட்டி, மறுபடியும் கெடு, மறுபடியும் செலவைக் குறைக்கும் அழுத்தம். 1969இல் கதவைத் திறந்தது இவைதான்.

இதற்காகச் செவ்வாய் மண்ணே வேண்டாம் என்று சொல்வது சரியில்லை. உயிர் என்பது பூமிக்கு மட்டும் சொந்தமா என்ற கேள்விக்கு அந்த மண்ணில் பதில் இருக்கலாம். ஆனால் கதவை எப்போது திறக்கலாம் என்பதை மண்ணைக் கொண்டுவருகிறவர்களே தீர்மானிக்கக் கூடாது. அப்போலோவின் கண்காணிப்புக் குழுவில் வேளாண்மைத் துறைக்காரர் உட்கார்ந்திருந்தார், பேசினார், ஆனால் கடைசியில் நாசா சொன்னதுதான் நடந்தது. அவருடைய மறுப்புக்கு வலு இருந்திருக்க வேண்டும். இனி வரப்போகும் குழுவில் மண்ணைக் கொண்டுவராத நாடுகளுக்கும் ஓர் இடம் வேண்டும். அவர்களும் இதே பூமியில்தானே இருக்கிறார்கள்.

1969இல் நிரப்பிய அந்தப் படிவத்தை இன்னொரு நாள் இன்னொருவர் நிரப்புவார். புறப்பட்ட இடம் என்ற வரியில் செவ்வாய் என்று எழுதுவார். நோய் பற்றிய கேள்விக்கு அவரும் "இனிமேல்தான் தெரிய வேண்டும்" என்றே எழுத நேரலாம். அது தெரியும் வரைக்கும் கதவு மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.